ரியல் அனாலிசிஸ், பழைய பாடத்திட்டம்

2003 ஏப்ரலில், ஆரணியின் அந்தச் சிறிய கல்லூரியில் ரியல் அனாலிசிஸ் தாளைப் பழைய பாடத்திட்டத்தில் எழுத வேண்டியிருந்தவள் ஆதிலட்சுமி ஒருத்திதான். அறையில் இருந்த மற்ற நாற்பத்தொரு பேரும் அந்த வருடத்து மாணவர்கள். அவர்களுக்குப் புதிய பாடத்திட்டம். அவளோடு பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தவர்கள் மூன்று வருடங்களுக்கு முன்பே முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இது அவளுக்கு ஏழாவது முறை. தேற நாற்பது மதிப்பெண் வேண்டும். ஆறு முறை எழுதி அவள் எடுத்ததில் அதிகம் முப்பத்தேழு. மற்ற எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தாள். ஆனால் பிப்ரவரியில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள்: பழைய பாடத்திட்டத்துக்கு இதுவே கடைசித் தேர்வு. இதிலும் தேறாதவர்களின் பட்டப்படிப்பு ரத்தாகும். அதாவது, வரும் தேர்வில் நாற்பது வராவிட்டால் ஆதிலட்சுமி மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் ஆகிவிடுவாள்.

படவேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய ஊரில் இது யாருக்கும் தெரியாது. அப்பா வேடியப்பன் வாழைத் தோட்டங்களில் கூலி வேலை செய்பவர். மகள் 2000-த்திலேயே டிகிரி முடித்துவிட்டாள், சர்டிபிகேட் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யை அவள்தான் சொன்னாள். முதல் முறை தவறியபோது, நவம்பரில் எழுதித் தேறிவிடலாம், ஆறு மாதத்துக்கு எதற்கு அவர் மனதைக் கெடுப்பது என்று நினைத்துச் சொன்னது. ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது. தேர்வுக்குப் போகும்போதெல்லாம் “சர்டிபிகேட் விஷயமா ஆரணி போறேன்” என்பாள். “இன்னாமா அது, அச்சடிக்கறாங்களா செதுக்கறாங்களா?” என்று அவர் கேட்பார். ஊரில் யாராவது கேலி செய்தால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கவர்மெண்டு காகிதம் என்றால் அப்படித்தான் வரும் என்பார்.

படிக்கிற விதத்தில்தான் அவளுடைய சிக்கல் இருந்தது. அந்தக் கல்லூரியில் எல்லோரும் படித்த விதம்தான் அது. நோட்ஸில் இருக்கும் தேற்றங்களை வரி வரியாக மனப்பாடம் செய்வார்கள். நிரூபணத்தின் நடுவில் ஒரு வரி மறந்துபோனால் முதல் ஐந்து வரியையும் கடைசி மூன்று வரியையும் எழுதி, இடையில் ‘எனவே’ என்று போட்டுவிடுவார்கள். இதற்குத் ‘தலையும் வாலும்’ என்று பெயர். திருத்துகிறவர் அவசரத்தில் இருந்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். மற்ற தாள்களில் ஆதிலட்சுமிக்குக் கிடைத்தது. ரியல் அனாலிசிஸ் திருத்துகிறவர்கள் மட்டும் ஏனோ அவசரப்படவில்லை.

தேர்வு அன்று அவளுக்குக் கடைசி பெஞ்சு. அறைக் கண்காணிப்பாளர் பரிமளா, அதே கல்லூரியில் கணிதம் நடத்தும், நிரந்தரமில்லாத மணிக்கணக்கு விரிவுரையாளர். ஆதிலட்சுமி படித்து முடித்த பிறகு வேலைக்கு வந்தவர். வினாத்தாள் கட்டைப் பிரித்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து அவளுக்கும் ஒன்று கொடுத்தார். எப்போதும் ஒன்றிரண்டு தாள்கள் கூடுதலாக வரும் என்பதால் எண்ணிக்கை இடிக்கவில்லை.

ஆதிலட்சுமி முதல் பக்கத்தில் ஹால் டிக்கெட்டைப் பார்த்துத் தன் எண்ணையும் தாளின் குறியீட்டு எண்ணையும் எழுதினாள். பிறகு கேள்விகளைப் படித்தாள்.

எல்லாம் தெரிந்த கேள்விகள். இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்தில் ஒன்பது தெரிந்திருந்தது. தொடர்முறைகள், ஒருங்குதல், எல்லையுடைய கணங்கள். அவளைப் பயமுறுத்தும் மெட்ரிக் வெளிகளில் ஒரு கேள்விகூட இல்லை. ஏழாவது முறைக்காவது கடவுள் கண் திறந்தார் என்று நினைத்துக்கொண்டு குனிந்தவள் ஒன்றரை மணி நேரம் நிமிரவில்லை. தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தபடி இருந்தது. எழுதியவரை ஐம்பதுக்குக் குறையாது என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு, பத்து மதிப்பெண் பகுதியின் கடைசிக் கேள்விக்காகத் தாளைத் திருப்பியபோது, மேல் மூலையில் இருந்த எண் கண்ணில் பட்டது. 6107. அவள் விடைத்தாளில் எழுதியிருந்தது 4107.

முதலில் தான்தான் தவறாக எழுதிவிட்டோம் என்று நினைத்தாள். ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள். 4107. முன்னால் இருந்த பெண்ணின் வினாத்தாளை எட்டிப் பார்த்தாள். 6107. அவள் கையில் இருந்தது புதிய பாடத்திட்டத்தின் தாள். அதில் மெட்ரிக் வெளிகள் போன்ற கடினமான பகுதிகளை நீக்கியிருந்தார்கள். அதனால்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

பேசாமல் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டால்? விடைத்தாள் பழைய பாடத்திட்டத்தைத் திருத்துகிறவர் கைக்குப் போகும். அவர் கேட்காத கேள்விகளுக்கான பதில்கள். முதல் பக்கத்தில் எண்ணை மாற்றினாலோ, புதிய பாடத்திட்டத்தில் எழுதுகிறவர்களின் பட்டியலில் அவள் பெயரே இருக்காது. இரண்டு விதமாகவும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து நின்றாள்.

“மேடம், இது என் பேப்பர் இல்லைங்க.”

பரிமளா வந்து இரண்டு எண்களையும் பார்த்தார். வேறொருவரை அறையில் நிற்கச் சொல்லிவிட்டு, அவளைத் தலைமைக் கண்காணிப்பாளர் தங்கவேலுவின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

தங்கவேலுவின் மேசை மேலேயே அது இருந்தது. ஒரே ஒரு தாள் கொண்ட, அரக்கு முத்திரை உடைக்காத பழுப்பு உறை. மேலே 4107 என்று பெரிதாக எழுதியிருந்தது. காலையில் அதைத் தேர்வறைக்கு அனுப்ப அவர் மறந்திருக்கிறார். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்து அதன் மேல் வைத்தார்.

“ஏம்மா, ஒன்றரை மணி நேரமா எழுதிகினு இருந்தியே, நம்பர பாக்கல?”

“குடுத்தாங்க சார், எழுதனேன்.”

“குடுத்தாங்க, எழுதனேன். பந்தியில போடற சாப்பாடா இது, எலையில விழுந்தத துன்றதுக்கு?”

“சார், என் பேப்பர குடுங்க சார். நேரம் போவுது.”

“இரும்மா. ரெண்டு வழி இருக்குது. யூனிவர்சிட்டிக்கு போன் போட்டு சொல்லலாம். அவங்க ஆளு வந்து விசாரிக்கும். வர்றதுக்குள்ள மணி ஒண்ணு ஆயிடும், பரீட்சையும் முடிஞ்சிடும். இல்லன்னா, நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு. இப்பவே கவர பிரிச்சிடறேன்.”

“இன்னா லெட்டருங்க சார்?”

அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, ஜன்னலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். வினாத்தாளைச் சரிபார்க்காதது என் தவறு. தேர்வு மையத்தின் மீது எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு, “அறையிலிருந்த மேசையிலிருந்து வினாத்தாளை நானே தவறுதலாக எடுத்துக்கொண்டேன்” என்றார்.

பேனா நின்றது.

“நான் எடுக்கல சார்.”

“தவறுதலாகன்னு சேத்துத்தானே சொல்றேன்? தப்பு எல்லாரும் பண்றதுதான்.”

“மேடம் கையால குடுத்தாங்க சார். கேளுங்க.”

தங்கவேலு கேட்கவில்லை. பரிமளா அவளருகே வந்து, அவர் காதில் விழாதபடி பேசினார்.

“ஆதி, எழுதிடும்மா. எனக்கு இது மணிக்கணக்கு வேல. நான் பேப்பர மாத்திக் குடுத்தேன்னு எழுத்துல போச்சுன்னா, ஜூன்ல என்ன கூப்பிட மாட்டாங்க. எங்க வீட்ல அண்ணன் தறி மட்டுந்தான் இருக்குது.”

“எனக்கு இது கடைசி தபா மேடம்.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன். ஜல்தி எழுதிட்டு போ. நின்னு பேசற ஒவ்வொரு நிமிஷமும் உனக்குத்தானே நஷ்டம்?”

அது உண்மை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தாறு. பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதினைந்து நிமிடம் என்று அவள் பழகியிருந்தாள். அந்த அறைக்குள் வந்து ஏற்கெனவே ஒரு பத்து மதிப்பெண் போய்விட்டிருந்தது. அவள் அந்த வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“இதுக்கு பதிலா டைம் கொஞ்சம் கூட குடுங்க சார்.”

“அது என் கையில இல்லமா. ஒரு மணின்னா ஒரு மணிதான்.”

அவர் உறையைப் பிரித்தார்.

மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. சரியான தாளைப் படித்தாள். மெட்ரிக் வெளிகள் எல்லாப் பகுதிகளிலும் பரவியிருந்தன. முதல் வேலையாக, ஏற்கெனவே எழுதியவற்றில் எவையெல்லாம் இந்தத் தாளிலும் இருக்கின்றன என்று தேடினாள். பத்து மதிப்பெண்ணில் ஒன்று, ஐந்தில் இரண்டு, இரண்டில் மூன்று. அவற்றின் கேள்வி எண்களை அடித்துத் திருத்தினாள். மற்ற பக்கங்களின் குறுக்கே கோடு போட்டாள். நன்றாக எழுதியிருந்த பக்கங்கள் அவை. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

தேறியது இருபத்தாறு. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் இன்னும் நான்கு எழுத முடிந்தது. முப்பத்து நான்கு. ஐந்து மதிப்பெண் கேள்விகளில் இரண்டைத் தொட்டுப் பார்த்து, வராமல் விட்டாள். பன்னிரண்டு நாற்பது. மிச்சமிருந்தவற்றில் அவளுக்கு ஓரளவாவது தெரிந்தது ஒன்றே ஒன்று, பத்து மதிப்பெண்: மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு அங்கே சீரான தொடர்ச்சி உடையது என்று நிறுவுக.

தலை நினைவிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து டெல்டா தூரத்துக்குள் எங்கே போனாலும் சார்பின் மதிப்பு பெரிதாக மாறாது. வாலும் நினைவிருந்தது. எந்த இரண்டு புள்ளிகளும் போதுமான அளவு நெருங்கியிருந்தால் அவற்றின் மதிப்புகளும் நெருங்கியிருக்கும், எனவே தேற்றம் நிறுவப்பட்டது. நடுவில், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சின்ன இடைவெளி எடுத்து, போரல் தேற்றத்தின்படி அவற்றில் சிலவற்றைக் கொண்டே முழு நீளத்தையும் மூடுவார்கள். எவ்வளவு பெரிய இடைவெளி? அந்த வரிதான் வரவில்லை. இந்தத் தேற்றத்தை நான்கு முறை எழுதியிருக்கிறாள். நான்கு முறையும் அந்த இடத்தில் ‘எனவே’ போட்டு, இரண்டோ மூன்றோ வாங்கியிருக்கிறாள். இப்போது ஆறு வேண்டும்.

விடைத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்த பரிமளா அவள் அருகில் நின்றார். விடைத்தாளைப் பார்த்தார். கல்லூரியில் இப்போது ரியல் அனாலிசிஸ் நடத்துகிறவர் அவர்தான். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து கையெழுத்துப் போடுவதுபோல உதட்டை அசைக்காமல் சொன்னார்.

“டெல்டா நீளத்துக்கே எடுத்து மூடு.”

நகர்ந்து போய்விட்டார்.

ஆதிலட்சுமியும் வாசலைப் பார்த்தாள். பறக்கும் படை வந்திருந்தால் இரண்டு பேர் கதையும் முடிந்திருக்கும். ‘டெல்டா’ என்று எழுதினாள். அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் டெல்டா நீளத்தைக் காட்ட ஒரு வளைவு வரைந்தாள். இதற்கு முன் எப்போதும் அவள் படம் போட்டதில்லை. நோட்ஸில் படம் கிடையாது.

வளைவுக்குள் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. சரியாக இருந்தது. பிறகு முதல் புள்ளியை விளிம்புக்குத் தள்ளி வைத்தாள். அப்போது பக்கத்துப் புள்ளி வளைவுக்கு வெளியே விழுந்தது. வெளியே விழுந்த புள்ளியைப் பற்றி இந்த டெல்டா எதுவும் சொல்லாது. மேடம் சொன்னது தப்பு.

பேனாவை வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்தாள். விளிம்பில் இருக்கிற புள்ளிக்கும் வெளியே கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். அப்படியென்றால் மூடும்போது முழு நீளத்தையும் செலவழிக்கக் கூடாது. பாதியை வைத்துத்தான் மூட வேண்டும். புள்ளி அந்தப் பாதிக்குள் எங்கே இருந்தாலும், பக்கத்துப் புள்ளி இன்னொரு பாதித் தூரம் போகலாம். போனாலும் முழு டெல்டாவுக்குள்தான் இருக்கும். நோட்ஸில் ஏதோ ஓர் இடத்தில் ‘கீழ் இரண்டு’ என்று ஒன்று வந்து தொலைக்கும். எங்கே வரும் என்பதுதான் அவளுக்கு எப்போதும் மறக்கும். அது ஏன் வருகிறது என்று அவள் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

‘டெல்டா’வின் கீழ் ஒரு கோடு போட்டு, இரண்டு என்று எழுதினாள். அதன் பிறகு வந்த ஆறு வரிகளை அவள் நினைவிலிருந்து எழுதவில்லை. முந்திய வரியைப் பார்த்துப் பார்த்து அடுத்ததை எழுதினாள். கடைசி வரி முடிந்தபோது மணி அடித்தது.

ஜூன் பதினெட்டாம் தேதி முடிவு வந்தது. ஆரணி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், அவள் எண்ணுக்கு நேரே மதிப்பெண் இல்லை. ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். தேர்வுப் பிரிவில் இருந்த எழுத்தர் ஒரு கோப்பைத் திறந்து, அவள் எழுதிய கடிதத்தை அவளுக்கே காட்டினார். அதைத் தங்கவேலு தேர்வு அன்றே அனுப்பியிருந்தார்.

“நானே எடுத்துக்கொண்டேன்னு எழுதிக்கிறியே. கொஸ்டின் பேப்பர தானே எடுத்தா அது மால்பிராக்டிஸ்ல வரும்மா.”

“அவங்க சொல்லச் சொல்ல எழுதனதுங்க. பேப்பர மேடம்தான் குடுத்தாங்க.”

“அப்போ அந்த மேடத்த எழுதிக் குடுக்கச் சொல்லு. ‘நான்தான் கொடுத்தேன்’னு ஒரு வரி போதும், ரிசல்ட் வெளிய வந்துடும். முப்பதாம் தேதியோட பழைய சிலபஸ் ஃபைல மூடறாங்க. அதுக்கு மேல வந்து என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல.”

“மார்க்கு எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க சார்.”

அவர் கோப்புக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு மூடினார். “லெட்டரோட வா, சொல்றேன்.”

பரிமளாவின் வீடு ஆரணியில் கொசப்பாளையத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. உள்ளே அவருடைய அண்ணன் முருகேசன் தறியில் இருந்தார். பலகையை மிதிக்கும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பரிமளா அவளை வாசலை ஒட்டிய அறையில் உட்கார வைத்தார். எழுத்தர் சொன்னதை அவள் சொல்லி முடித்தாள்.

“போன வாரந்தான் எனக்கு வேல ஆர்டர் வந்துச்சு. இன்னும் ஒரு வருஷம்” என்றார் பரிமளா. “தங்கவேலு சாரே சொல்லித்தான் போட்டாங்க. அவர் அனுப்பன லெட்டர பொய்னு நான் எழுதட்டுமா?”

“பொய்தானே மேடம் அது.”

“பேசறதுக்கு நல்லாத்தான் இருக்குது.”

“எங்கப்பா நான் டிகிரி முடிச்சி மூணு வருஷம் ஆச்சின்னு நெனச்சிகினு இருக்காரு. நான் இன்னான்னு போய் சொல்றது? அழிஞ்சி போச்சின்னா?”

பரிமளாவின் குரல் இறங்கியது. “அன்னைக்கு என்னால முடிஞ்சத செஞ்சேன் ஆதி. மாட்டியிருந்தா என் வேலையோட போயிருக்காது, போலீசு கேசாயிருக்கும். அந்த லைன் சொல்லிக் குடுத்தேன் இல்ல? அது போதாதா?”

“நீங்க சொன்னத நான் எழுதலைங்க.”

“ஏன்?”

“அது தப்புங்க மேடம்.”

தறிச் சத்தம் நடுவில் நின்று, மறுபடி தொடங்கியது.

“எது தப்பு? போரல் தேற்றத்த வெச்சி மூடறோம். நோட்ஸ்ல அப்படித்தானே இருக்குது?”

“நோட்ஸ் தெரியாதுங்க. போட்டுப் பாருங்க.”

பரிமளா எழுந்து போய்ப் பேனாவும் தாளும் கொண்டுவந்தார். முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது. கோடு போட்டார், வளைவு போட்டார். உள்ளே ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு புள்ளி. “இதோ, உள்ளதானே இருக்குது?” என்றார்.

“முதல் புள்ளிய விளிம்புல வைங்க.”

வைத்தார். பக்கத்துப் புள்ளியை வைக்கப் போன பேனா வளைவைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. அவர் அங்கே புள்ளி வைக்கவில்லை. பிறகு இன்னொரு வளைவை, பாதி அளவில், உள்ளே வரைந்தார்.

“பாதி” என்றார்.

“ஆமாங்க.”

“நீயே கண்டுபுடிச்சியா?”

“வேற வழி இல்லைங்க. மணி ஆயிகினு இருந்துச்சு.”

“மூணு வருஷமா இதத்தான் சொல்லிக் குடுத்துகினு இருக்கேன்” என்றார் பரிமளா. “ஒருத்தர்கூட கேக்கல. நானும் படிக்கறப்போ கேக்கல.”

இனிக் கேட்பதற்கு ஆதிலட்சுமியிடம் எதுவும் மிச்சம் இல்லை. மூன்றரை மணிக்குப் படவேடு பஸ். அதை விட்டால் அடுத்தது ஆறேகாலுக்குத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து முருகேசன், “யாரும்மா வந்துக்கிறது?” என்று கேட்டார். “காலேஜ் பொண்ணு” என்றார் பரிமளா. அவர் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்றரை தாண்டியது. பரிமளா தாளைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். மடிப்பைக் கையால் இரண்டு முறை நீவினார்.

பேனாவை அதன் மேல் மூலையில் வைத்து, “இன்னைக்கு தேதி இன்னா?” என்று கேட்டார்.